பதக்க விளிம்பில் பெரிய தாத்தா

பெரிய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போனார், திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் பதக்கம் ஒன்று பரணில் கிடந்தது. ஒரு பக்கம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம், 1939 1945. எல்லாரும் அந்தச் சிங்கத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை! இந்திய வீரர்களுக்குக் கொடுத்த பல பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அப்புறம் போரில் இறந்தவர்களின் பதிவுகள் இருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இலவசம்தான். பெயரைவிட எண்ணைப் போட்டுத் தேடுவது நல்லது. நம் ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா எப்படி எழுதியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர்கூட இருக்கிறது.

பெரிய தாத்தா பெயர் ரங்கூன் நினைவுத்தூணில் இருக்கிறதாம். யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே, தனிக் கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரோடு.

உயிரோடு திரும்பியவர்கள் அந்தத் தளத்தில் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு) என்றால் பெங்களூரு.

உங்கள் வீட்டிலும் பதக்கம் இருந்தால் விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படிப்போம்.