தலைப்பில் எலி வேண்டும்

மார்ச் 9

காலையில் பேராசிரியரிடமிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது, 25ஆம் தேதி வெளிவருகிறது. ஐந்து வருட உழைப்பு அது. அவருடைய ஆய்வகத்தில் இரவு விளக்கு அணைந்து நான் பார்த்ததே குறைவு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

செய்திக்குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவில் எனக்கு இது பதினோராவது வருடம். பேராசிரியர் யார், கட்டுரை எது என்று இந்த நாட்குறிப்பில் எழுத மாட்டேன். அது அவருடைய விஷயம். அல்சைமர் என்ற மறதி நோய் பற்றிய ஆய்வு, எலிகளில் செய்யப்பட்டது. இவ்வளவு போதும்.

மார்ச் 10

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அப்புறம் ஆய்வகத்துக்கே போய், புரியாததையெல்லாம் கேட்டேன். எலிகளுக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. அந்த நோயோடு தொடர்புள்ள மனித மரபணுக்களைச் சேர்த்து, மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படியும்படி அவற்றை உருவாக்குகிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் நீந்தவிடுகிறார்கள். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று எலி நினைவு வைத்திருக்கிறதா என்பதுதான் சோதனை. ரிச்சர்ட் மோரிஸ் 1980களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய முறை, இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

"நாங்கள் மூலக்கூறு கொடுத்த எலிகள் நன்றாகக் கண்டுபிடித்தன. ஆனால் மேடையைக் கண்டுபிடிப்பது வேறு, தாத்தா பேரன் பெயரை நினைவில் வைப்பது வேறு. அதை மறக்காமல் எழுதுங்கள்" என்றார் பேராசிரியர். எலியிடம் பலன் தந்துவிட்டு மனிதரிடம் தோற்றுப்போன மருந்துகள் இந்தத் துறையில் வரிசையாக இருக்கின்றன என்று அவரே சொன்னார். தன் கட்டுரை வெளிவரப்போகும் மகிழ்ச்சியிலும் இதைச் சொல்ல ஒருவருக்கு மனம் வருகிறதே.

மார்ச் 12

முதல் வரைவைப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். தலைப்பு: "மறதி நோய்: எலிகளின் நினைவாற்றலை மேம்படுத்திய மூலக்கூறு". படித்துவிட்டு, "எல்லாம் சரி, தலைப்பில் எலி வேண்டாமே. உள்ளே இரண்டாவது பத்தியில் இருக்கிறதே" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் செய்தியில் வரவேண்டும், ஆய்வு நிதிக்கு அது உதவும் என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை நியாயமானதுதான்.

ஆனால் நான் ஒரு முறை அப்படிச் செய்திருக்கிறேன். நான்கு வருடம் முன்பு, வேறொரு ஆய்வு. அதுவும் எலிதான். தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது என் கை. மறுநாள் பிற்பகல் அலுவலகத் தொலைபேசியில் ஒருவர். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, தன்னை அடையாளம் தெரியவில்லை, நீங்கள் கண்டுபிடித்த மருந்து எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ எலிக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 13

தலைவரிடம் வெறும் உணர்ச்சியை மட்டும் கொண்டுபோகக் கூடாது என்று இரவு உட்கார்ந்து பழைய குறிப்புகளைத் தேடினேன். 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ராக் சம்னரும் குழுவினரும் செய்தது. பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 20 வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வு பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம் அதை மனிதருக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியிருந்தன. குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால் அதைத் தொடர்ந்து வந்த செய்திகளில் 86 சதவீதம் மிகைப்படுத்தின. குறிப்பு அடக்கமாக இருந்தால் 10 சதவீதம்தான்.

இதை முதலில் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதுவரை நாங்கள் எல்லோரும் நிருபர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மிகைப்படுத்தல் பெரும்பாலும் எங்கள் மேசையிலேயே ஆரம்பிக்கிறது.

மிகைப்படுத்தியதால் அதிகம் பேர் செய்தி போட்டார்கள் என்பதற்குப் பெரிய ஆதாரம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைத்தான் தலைவரிடம் காட்டப் போகிறேன்.

மார்ச் 16

காட்டினேன். கவனமாகப் படித்தார். அப்புறம் அவரும் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 2021ல் பிளாஸ் பயாலஜி இதழில் வந்தது. எலிகளில் செய்த அல்சைமர் ஆய்வுக்கட்டுரைகள் 623 எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே எலி என்று சொல்லாதவற்றுக்குச் செய்திகள் அதிகம் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்திகளின் தலைப்பிலும் பெரும்பாலும் எலி இல்லை.

ஆக, அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எலியை மறைத்தால் கூடுதலாகச் சில செய்திகள் வரக்கூடும். அதை மறுத்துப் பேச நான் விரும்பவில்லை. "சார், அந்தக் கூடுதல் செய்தியைப் படிக்கிறவர் யார்?" என்று கேட்டேன். நான்கு வருடம் முன்பு வந்த அழைப்பைப் பற்றி அவரிடம் முதல் முறையாகச் சொன்னேன். நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, எலி இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 19

செய்திக்குறிப்பு நிருபர்களுக்குப் போய்விட்டது. 25ஆம் தேதி குறித்த நேரம் வரை யாரும் வெளியிடக் கூடாது என்ற தடையோடு. பெரிய இதழ்களுக்கெல்லாம் இப்படி ஒரு நேரம் உண்டு. நேச்சருக்குப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி, சயன்ஸுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. செய்தியை அடக்கி வைப்பதாகச் சிலர் கோபப்படுவார்கள். நல்ல நிருபருக்கு அது படிக்கவும், ஆய்வில் சேராத வேறொரு நிபுணரிடம் கேட்கவும் கிடைக்கிற அவகாசம் என்பதுதான் என் எண்ணம். இன்று ஒருவர் அழைத்து, "இந்த ஆய்வோடு உடன்படாதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார். பேராசிரியரே இரண்டு பேரைப் பரிந்துரைத்தார்.

மார்ச் 23

1989ல் இதே நாளில்தான் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அந்தச் செய்தியாளர் சந்திப்பு நடந்தது. ஸ்டான்லி பான்ஸும் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் மேடையில். பல்லேடியம் மின்முனையைக் கனநீரில் வைத்து, சூரியனில் கடும் வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவை அறை வெப்பநிலையிலேயே நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. பக்கத்திலேயே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸும் இதே மாதிரி ஒன்றில் இறங்கியிருந்தார். இரு தரப்பும் மறுநாள், 24ஆம் தேதி, ஒன்றாகவே கட்டுரைகளை இதழுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. யார் முதல், காப்புரிமை யாருக்கு என்ற பதற்றத்தில் ஒரு நாள் முன்னதாக ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்கள்.

உலகம் முழுக்க ஆய்வகங்கள் செய்து பார்த்தன. பெரும்பாலானவற்றுக்கு வரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் பால்டிமோரில் கூடிய இயற்பியலாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். இருவரும் அதற்கு முன் மின்வேதியியலில் மதிக்கப்பட்டவர்கள். ஃபிளைஷ்மன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். இன்று அவர்கள் பெயரைச் சொன்னால் அந்த ஒரு பிற்பகல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆய்வாளரை அவசரமாக மேடையேற்றும் ஒவ்வொரு செய்திப் பிரிவும் இந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிர் கதையும் உண்டு. கேத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து, பின்னாளில் கொரோனா தடுப்பூசிகளுக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ பற்றி எழுதிய கட்டுரை அப்போது பெரிய செய்தியாகவே இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்பு கரிக்கோ அங்கே பதவியிறக்கம் செய்யப்பட்டிருந்தார். 2023 அக்டோபரில் நோபல். எது செய்தியாக வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளும் கண் எந்தச் செய்திப் பிரிவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சரியாக எழுதி வைப்பது மட்டும்தான் கையில் இருக்கிறது.

மார்ச் 25

வெளிவந்துவிட்டது. ஏழு இடங்களில் செய்தி. ஐந்தில் தலைப்பிலேயே எலி. ஒன்றில் முதல் வரியில். இன்னொன்றில் எங்குமே இல்லை, "மறதி நோய்க்குத் தீர்வு" என்று இருந்தது. ஆசிரியர் குழுவை அழைத்துப் பணிவாகச் சொன்னேன். இணையப் பதிப்பில் அரை மணி நேரத்தில் திருத்தினார்கள்.

மார்ச் 26

காலை பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து முனைவர் பட்ட மாணவி வந்தார். கட்டுரையின் இரண்டாவது ஆசிரியர் அவர். தயங்கித் தயங்கி, "உங்கள் குறிப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது ஆண் எலிகளை மட்டும்" என்றார். கட்டுரையில் செய்முறைப் பகுதியில் தெளிவாக இருக்கிறது. இரண்டு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.

சின்ன விஷயம் இல்லை இது. மனிதர்களில் அல்சைமர் பெண்களுக்குத்தான் அதிகம். நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்யும் வழக்கம் பல காலமாக இருந்தது. 2011ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த நரம்பியல் ஆய்வுகள் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவற்றைவிட 5.5 மடங்கு இருந்தன. பெண் எலிகளில் அடுத்த சுற்று ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றார் மாணவி.

பல்கலைக்கழகப் பக்கத்தில் தலைப்பை மாற்றினேன். எலிகளின் என்ற சொல்லுக்கு முன்னால் ஆண். கீழே, எப்போது, எதற்காகத் திருத்தினோம் என்று இரண்டு வரி. பிறகு அந்த ஏழு இடங்களுக்கும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். நான்காவது மின்னஞ்சலில் இருக்கும்போது தலைவர் எட்டிப் பார்த்து, மீதி மூன்றை நான் அனுப்புகிறேன், முகவரிகளைக் கொடுங்கள் என்றார்.