அட்டையில் இல்லாத சம்பளம்

மதுரைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். நன்கொடை தர விரும்புகிறவர்களின் போனை எடுப்பதும் நான்தான். மார்ச் மாதம் முழுக்க ஒரே கேள்வி: "80ஜி இருக்கா?" நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் சட்டப் பிரிவு அது. இருக்கிறது என்பேன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அறவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதைக் கேட்டு வராமல் போனவர்கள் உண்டு. சொல்லாமல் பணம் வாங்க மனசு வராது.

மற்ற மாதங்களில், "பையனுக்குப் பொறந்தநாள், ஒரு வேளை சாப்பாடு போட எவ்வளவு ஆகும்?" என்பார்கள். அதற்கென்றே ஓர் அட்டை வைத்திருந்தோம். காலை டிபன், வடை பாயசத்தோடு மதியம், இரவு என ஒவ்வொன்றுக்கும் நேரே தொகை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைமணியில் பணம் வந்துவிடும். ஞாயிறு மதியத்துக்கு மூன்று குடும்பம் கேட்கும். செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. அண்டா நிறைய பிரியாணி வந்து இறங்கிய ஒரு ஞாயிறு, வார்டன் அக்காவுக்கு முந்தின மாசச் சம்பளம் பாக்கி. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது அந்த அக்காதான்.

கொடுப்பவர்களுக்கு இது புரியவில்லையே என்று வெகுநாள் வருத்தப்பட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நேரில் வந்தார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "பிள்ளைகளைப் பாத்துக்கிறவங்களுக்குச் சம்பளம் எங்கேம்மா? இதுல காணோமே?" வரவு செலவுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். சம்பளப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா இதுக்கே குடுத்திருப்பேனே" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சம்பளம் என்றால் ஓடிவிடுவார்கள் என்று பயந்து, ஆண்டறிக்கையில் அதை 'நிர்வாகச் செலவு' என்ற ஒற்றை வரிக்குள் ஒளித்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்த முறை அட்டை அச்சடித்தபோது 'வார்டன் ஒரு நாள் சம்பளம்', 'ஒரு நாள் கரண்ட், கேஸ்' என்று இரண்டு வரி சேர்த்தேன். அட்டையில் பிள்ளைகளின் முகம் தெரிந்த படத்தை நீக்கிவிட்டோம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, அவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நீக்கியிருக்க வேண்டிய படம்தான் அது. வகுப்பில் யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இரண்டு வாரம் கழித்துத் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கூப்பிட்டார். "எங்கம்மா நினைவு நாளுக்கு அந்த வார்டன் சம்பளத்தை என் பேர்ல போட்டுக்கங்க." ரசீதில், எதற்காக என்ற இடத்தில், முதல்முறையாகச் 'சம்பளம்' என்று எழுதினேன்.