பிரஷர் இல்லாத தாத்தாவுக்கு எதற்குப் பிரஷர் மாத்திரை? இரண்டாம் ஆண்டு மருந்தியலை நான் படித்த விதம்

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கும், பி.ஃபார்ம், நர்சிங் படிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்தியலில் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் அடுத்தடுத்து வரும் பாடங்கள். முதல் இன்டர்னலில் இந்தப் பகுதியிலிருந்து 10 மதிப்பெண் கேள்வி வந்தது. 22 மருந்துகளை வகை பிரித்து, அடிக்கோடு போட்டு, பக்கம் நிறைய எழுதினேன். கிடைத்தது மூன்றரை. பெயர் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் எந்த மருந்தை யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் எங்கள் ஆச்சி.

எங்கள் வீடு மும்பை தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். ஆச்சிக்குப் பல வருடமாகப் பிரஷர். தாத்தாவுக்கு மாரடைப்பு வந்துபோன பிறகு இதயம் தளர்ந்துவிட்டது. எக்கோவில், ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கைக் காட்டும் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30 சதவீதம். இருவருடைய மாத்திரை அட்டைகளும் ஒரே பிஸ்கட் டின்னில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆச்சி பாயை விரித்து உட்கார்ந்து, அட்டைகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, வாரம் முழுக்கத் தேவையானதைப் பிரித்து வைப்பாள். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும்தான் அடையாளம். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, மூன்று துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"ஏல, இந்த ரெண்டும் ஒண்ணுதான? ஒண்ணு எனக்குள்ள பிரஷர் மாத்திர. தாத்தாவுக்குப் பிரஷரே இல்லன்னு மெஷின்ல பாத்து நீதான சொன்ன. பொறவு எதுக்கு அவுகளுக்கும் இதையே குடுத்திருக்காவ? இந்தா, இது எதுத்த வீட்டு அக்கா திங்குற சுகர் மாத்திர. தாத்தாவுக்குச் சுகரும் கெடையாதே?"

ஆச்சி காட்டியது ராமிப்ரிலும் டாபாகிளிஃப்ளோசினும். இரண்டின் பெயரும் வகையும் எனக்குத் தெரியும். அவள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: பிரஷர் 100/60 தானே இருக்கிறது என்று, இரண்டு வாரமாகத் தாத்தாவின் பங்கிலிருந்து ராமிப்ரிலையும் கார்வெடிலாலையும் ஆச்சி எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறாள். தாத்தாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இரண்டு நாளாகத் தலையணையை உயர்த்திப் படுப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் காலையில் ஓ.பி.டி.க்குக் கூட்டிக்கொண்டு போனோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு மாத்திரைகளைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அவர் இந்தியில் விளக்கியதை நான் ஆச்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "இது தாத்தாவுக்குப் பிரஷரைக் குறைக்க இல்ல ஆச்சி, இதயத்தோட பாரத்தைக் குறைக்க" என்று சொல்லி முடித்தபோது, இரண்டு பாடங்களும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

சேர்ந்தது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இரத்த அழுத்தம் என்பது இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவையும், குழாய்கள் காட்டும் எதிர்ப்பையும் பெருக்கினால் வருவது. ஆச்சிக்கு இந்தப் பெருக்கல் தொகை கூடியிருக்கிறது. அவளுக்குக் கொடுக்கும் எந்த மருந்தும் இந்த இரண்டில் ஒன்றையாவது குறைக்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவின் சிக்கல் வேறு. அவருடைய இதயம் குறைவாகத் தள்ளுகிறது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடம்பில் எங்கேயோ இரத்தம் போய்விட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. ரெனின் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 குழாய்களைச் சுருக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பையும் நீரையும் தேக்குகிறது. உடம்பை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் இதயத்தை இன்னும் வேகமாக அடிக்கச் சொல்கின்றன. வெட்டுக்காயம் பட்டவனை அந்த நேரத்தில் பிழைக்கவைக்கும் ஏற்பாடு இது. இதுவே மாதக்கணக்கில் ஓடினால், நொண்டுகிற மாட்டின் வண்டியில் மேலும் மூட்டை ஏற்றிச் சாட்டையும் சொடுக்குவது போல. தசையில் நார் படிகிறது, அறை விரிகிறது, இதயம் இன்னும் தளர்கிறது.

இப்போது தாத்தாவின் மாத்திரைகளைப் பாருங்கள். ராமிப்ரில் ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுத்து மூட்டையை இறக்குகிறது. கார்வெடிலால் சாட்டையைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே வெளியே அனுப்புகிறது. ஆனால் சர்க்கரையை இறக்குவதால் இதயத்துக்கு வரும் பலன் இல்லை அது. 2019-ல் வந்த டாபா-ஹெச்.எஃப். ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்குச் சர்க்கரை நோயே கிடையாது, அவர்களுக்கும் பலன் கிடைத்தது. எதிர்வீட்டு அக்காவின் சுகர் மாத்திரை தாத்தாவுக்கு ஏன் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. இந்த நான்கையும்தான் செயலிழப்பு சிகிச்சையின் நான்கு தூண்கள் என்கிறார்கள். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 40 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களின் ஆயுளை நீட்டுபவை இவை.

ஐந்தாவதாகத் தாத்தா சாப்பிடும் ஃபுரோசமைடு அந்தப் பட்டியலில் வராது. தேங்கிய நீரை இறக்கி மூச்சிரைப்பைப் போக்கும், நோயாளிக்கு உடனே தெரியும் நிம்மதி அதில்தான். ஆனால் ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்பட்டது இல்லை. டிகாக்சினும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1785-லேயே ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், இந்த மருந்து வகைக்கு மூலமான நரிக்கையுறைச் செடியைப் பற்றி எழுதிவிட்டார். 1997-ல் வந்த பெரிய ஆய்வில் டிகாக்சின் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை. விடைத்தாளில் 'அறிகுறியைக் குறைப்பவை', 'ஆயுளை நீட்டுபவை' என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அன்றிலிருந்து நான் படித்த முறை இது. ஒரு ஏ4 தாளில் நான்கு இடங்களை வரைந்தேன்: மூளையும் பரிவு நரம்பும், இதயம், இரத்தக் குழாய், சிறுநீரகம். பாடநூலில் வரும் ஒவ்வொரு மருந்தையும் அது வேலை செய்யும் இடத்தில் எழுதினேன். ஆச்சிக்குக் கொடுப்பதை நீல மையில், தாத்தாவுக்குக் கொடுப்பதைச் சிவப்பு மையில். இரண்டு நிறமும் விழும் மருந்துகள்தான் தேர்வுக்கு முக்கியமானவை. பக்க விளைவுகளைத் தனியாக மனப்பாடம் செய்யவில்லை, படத்திலிருந்தே வரவழைத்தேன். ஆல்டோஸ்டிரோன் பொட்டாசியத்தை வெளியேற்றும். அதைத் தடுத்தால் பொட்டாசியம் ஏறும். ராமிப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்தால் இன்னும் ஏறும், அதனால் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்காமல் விடக்கூடாது. ராமிப்ரில் தடுப்பது ஏஸ் என்ற நொதியை. ஆஞ்சியோடென்சின் 2-ஐ உருவாக்கும் அதே நொதி பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. அதைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கி வறட்டு இருமல் வரும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த வழியில் உருவானது இந்த வகையின் கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த விஷத்தில் கண்டதே பிராடிகைனினைக் கூட்டும் பொருள்தான். பாம்பை நினைத்தால் இருமலும் நினைவுக்கு வந்துவிடும். லோசார்டான் வகை இந்த நொதியைத் தொடுவதில்லை, அதனால் இருமல் தொல்லை அரிது.

வீக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைக் கேட்டதே அதுதான். அம்லோடிபின் சாப்பிடும் ஆச்சிக்கும் சாயங்காலமானால் கால் வீங்கும், தாத்தாவுக்கும் வீங்கும். ஒன்றுக்கு ஃபுரோசமைடு கேட்கும், இன்னொன்றுக்கு அவ்வளவாகக் கேட்காது. தாத்தாவின் உடம்பில் உப்பும் நீரும் தேங்கியிருக்கின்றன, வெளியேற்றினால் வடிகிறது. ஆச்சியின் உடம்பில் கூடுதல் நீர் கிடையாது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. சிரைகளையும் விரிக்கும் ராமிப்ரில் போன்ற மருந்தைச் சேர்த்தால் இந்த வீக்கம் குறையும். தண்ணீர்க் குழாயைப் பார்த்து வளர்ந்த எந்தத் தாராவிப் பிள்ளைக்கும் இதைப் படம் போடாமலே விளக்கலாம்.

அடுத்து, பரிவு நரம்பின் தூண்டுதலைத் தடுக்கும் கார்வெடிலால் போன்ற பீட்டா தடுப்பான்கள். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தளர்ந்த இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது ஆபத்து என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 1975-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைனும் சக மருத்துவர்களும் ஏழே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நிலைமை தேறியதாக எழுதினார்கள். உலகம் நம்புவதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1999-ல் பிசோப்ரோலாலை வைத்து சிபிஸ் 2, மெட்டோப்ரோலால் சக்சினேட்டை வைத்து மெரிட்-ஹெச்.எஃப். என்ற ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. அதே 1999-ல்தான் ஸ்பைரனோலாக்டோன் கடுமையான செயலிழப்பில் இறப்பை 30 சதவீதம் குறைத்ததை ரேல்ஸ் ஆய்வு காட்டியது. இந்த ஒரு வருடத்தை நினைவில் வைத்தால் மூன்று ஆய்வுகள் கைவசம்.

ஆனால் எந்த பீட்டா தடுப்பானும் ஆகும் என்று எழுதிவிடாதீர்கள். பலன் உறுதியானவை பிசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட். அட்டெனோலால் இந்த வரிசையில் இல்லை. மெட்டோப்ரோலால் என்று மட்டும் எழுதி, சக்சினேட் என்பதை விட்டதற்கு என் நண்பன் ஒருவன் அரை மதிப்பெண் இழந்தான். தொடங்கும் விதமும் முக்கியம். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்போது புதிதாகத் தொடங்கக்கூடாது. நீர் வடிந்து, நிலைமை அடங்கிய பிறகு, கார்வெடிலால் 3.125 மி.கி. காலையும் இரவும் என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்து ஏற்றவேண்டும். அதே இதயத்துக்கு, கால்சியம் தடுப்பான்களில் வெரபமிலும் டில்டியாசெமும் ஆகாது. அவை துடிப்பின் வலிமையையே குறைத்துவிடும். அதே வகையின் அம்லோடிபின் நல்லதும் செய்யாது, கெடுதலும் செய்யாது.

ஆச்சி பக்கத்துப் பாடத்தில் கேள்விகள் பெரும்பாலும் ஆளை வைத்து வரும். கர்ப்பிணி என்றால் லாபெடலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின். ஏஸ் தடுப்பானும் (ராமிப்ரில் வகை) சார்டானும் (லோசார்டான் வகை) சிசுவைப் பாதிக்கும். ஆஸ்துமா என்றால் பீட்டா தடுப்பான் வேண்டாம். கவுட் என்ற மூட்டு நோய் என்றால் தயசைடு வகை நீர் மாத்திரை வேண்டாம், யூரிக் அமிலம் ஏறும். சர்க்கரை நோயோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போனால் ஏஸ் தடுப்பான் அல்லது சார்டான், ஆனால் இரண்டையும் சேர்த்து அல்ல. இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருந்தால் இரண்டுமே கூடாது. குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும், பிரசோசின் முதல் வேளையில் மயக்கம் வரலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு சாயங்காலம் போதும்.

வார்டிலும் வீட்டிலும் நான் ஓயாமல் கேட்கும் இன்னொரு கேள்வி, வலி மாத்திரை பற்றியது. முழங்கால் வலி என்று கடையில் டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரூஃபெனோ வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் எங்கள் சந்திலேயே நிறைய. அவை உப்பைத் தேக்கும், பிரஷர் மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஏஸ் தடுப்பான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். விடைத்தாளில் இதை ஒரு வரி எழுதுங்கள், வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கூடவே, மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், தலைசுற்றல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் குறைக்கலாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. படிக்கிற பிள்ளை நான்தான் அங்கே.

தேர்வில் செயலிழப்புக் கேள்வி வந்தால் முதல் ஐந்து நிமிடம் அந்தச் சுழற்சியைப் படமாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மருந்தும் சுழற்சியை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று அம்புக்குறி. அப்புறம் எழுதுவது தானாக வரும். புது மருந்தில் சக்யூபிட்ரில்-வால்சார்டானை விடாதீர்கள். 2014-ல் பாரடைம்-ஹெச்.எஃப். ஆய்வில் ஏஸ் தடுப்பானான எனலாப்ரிலையே முந்தியது. ஏஸ் தடுப்பானை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் இதைத் தொடங்க வேண்டும். சக்யூபிட்ரிலும் பிராடிகைனின் சிதைவைத் தடுக்கும், இரண்டும் சேர்ந்தால் முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு. மறுபடியும் அதே பாம்பு.

நாள் கணக்கு கேட்பவர்களுக்கு: எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் நாள் படமும் ராஸ் (ரெனின்-ஆஞ்சியோடென்சின்-ஆல்டோஸ்டிரோன்) மருந்துகளும், இரண்டாம் நாள் நீர் மாத்திரைகளும் கால்சியம் தடுப்பான்களும், மூன்றாம் நாள் முழுக்க பீட்டா தடுப்பானும் செயலிழப்பும். நான்காம் நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆச்சியின் டின்னை எடுத்து, ஒவ்வொரு அட்டையாக, இது யாருக்கு, எதற்கு, எப்போது கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். ஸ்பைரனோலாக்டோனில் திக்கினேன். ராத்திரி அதை மட்டும் திரும்பப் படித்துவிட்டுத் தூங்கினேன்.