பழைய டிவி கேமுக்குப் பெட்டி தேடிய கதை

போன புரட்டாசியில் தம்பி திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். "தீபாவளிக்கு வர்றேண்ணா. அந்த காண்ட்ரா இன்னும் இருக்கா?"

எங்கே இருக்கும்? நீலகிரியில் எங்கள் அரவேணு வீட்டில் காண்ட்ரா என்ற அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமை நாங்கள் விளையாடிய டிவி கேம் பெட்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. '9999 இன் 1' என்று போட்ட மஞ்சள் கேசட், உள்ளே இருப்பது என்னவோ ஏழெட்டு கேம்தான், நம்பரை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும். ஓடவில்லை என்றால் கழற்றி, அடியில் ஒரு ஊது ஊதி, மறுபடி சொருகணும். சரி, அவன் வருவதற்குள் ஏதாவது செய்து வைப்போம் என்று இறங்கினேன்.

மேஜை டிராயரில் ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று சும்மா கிடந்தது. பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர்கள் அடங்கிய ரெட்ரோபையை அதில் ஏற்றினேன். காண்ட்ரா வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடாமல் என்ன? அந்தக் கால நின்டெண்டோவின் சிப் 2 மெகாஹெர்ட்ஸ்கூடக் கிடையாது, இது 1.2 கிகாஹெர்ட்ஸ். எமுலேட்டர் பழைய சிப்பின் ஒவ்வொரு வேலையையும் நடித்துக் காட்டியாக வேண்டும் என்பதால்தான் இவ்வளவு வேகம் தேவைப்படுகிறது. பிளேஸ்டேஷன் 1-ல் டெக்கன் 3 கூட நன்றாகவே வந்தது.

ஆனால் ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் டிவியின் வலது மூலையில் ஒரு குட்டி மஞ்சள் மின்னல் வந்து வந்து போகும். வந்தால் கேம் திணறும். போர்டுக்குள் போகும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வரும் எச்சரிக்கை அது. எங்கள் பக்கம் சாயங்காலமானால் பல்பே அழுது வடியும், ஆக லோ வோல்டேஜ்தான் காரணம் என்று நானே முடிவு கட்டி, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரை வைத்தார். 180 காட்டியது. அப்புறம் என் சார்ஜரைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினார்.

"பாரு, 100-லிருந்து 240 வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. வீட்டுக் கரண்ட்மேல பழி போடாத. உன் வயரு நூலு மாதிரி இருக்கு."

அதேதான். போன் சார்ஜ் செய்ய அந்த வயர் போதும், ராஸ்பெர்ரி பை போர்டுக்குப் போதவில்லை. அந்த போர்டுக்கென்றே விற்கும் 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கிப் போட்டதும் மின்னல் போயே போச்சு. அடுத்த வாரமே ஒரு மழையில் மரம் விழுந்து, கேம் சேவ் ஆகிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பையின் சிஸ்டமும் கேமும் இருந்த எஸ்டி கார்டு காலி. மலையில் இருப்பவர்கள் எஸ்டி கார்டை நம்பாதீர்கள் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன், கேட்க ஆள் இல்லை.

இதற்கு நடுவில் தம்பி ஆசையைக் கூட்டிவிட்டான். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வேண்டுமாம். அது பிளேஸ்டேஷன் 2 கேம். பை 3-க்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. பை 4-க்கும் எட்டாது. பை 5-ல் சிலது ஓடும், சிலது படுத்துக்கொள்ளும். போர்டு, ஃபேன், கேஸ், மைக்ரோ எச்டிஎம்ஐ வயர், எஸ்எஸ்டி என்று கூட்டிப் பார்த்தால் பழைய மினி பிசி (குட்டிக் கம்ப்யூட்டர்) விலையே வந்து நிற்கிறது. அதோடு பை 5 முழுசாக 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். வீட்டில் இருக்கும் டைப்-சி சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் பெரும்பாலும் தராது. ஒரு மின்னல் பார்த்தது போதும் எனக்கு.

இன்டெல் என்100 சிப் போட்ட புது மினி பிசிகளும் கண்ணில் பட்டன. 6 வாட் சிப், யுபிஎஸ்ஸில் வெகுநேரம் தாங்கும். ஆசைதான். கடைசியில் ஆபீஸில் ஓய்வு பெற்ற, இன்டெல் ஐ5-8500டி சிப் போட்ட பழைய மினி பிசியில் நின்றேன். பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு எத்தனை கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. எட்டு கோர் இருந்தாலும் அது இரண்டு மூன்றைத்தான் வாட்டி எடுக்கும்.

குஞ்சப்பனை வழியாக இறங்கி, கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். போகும்போதே பென்டிரைவில் ரெட்ரோபை மாதிரியே இன்னொன்றான பாட்டோசெராவை ஏற்றிக் கொண்டுபோனேன். இது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே முழுசும் எழும்பும், வாங்குவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம். கடைக்காரர், வெளி சிஸ்டத்தை எழும்ப விடாத 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்துவிட்டு, "செக் பண்ணிக்கோங்க தம்பி" என்று நகர்ந்துகொண்டார். கால் மணி நேரம் ஓட்டினேன். அருமை. 13,500 கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் ஆமை வேகம். காண்ட்ராவே விக்குகிறது! பென்டிரைவை மாற்றினேன், ராமைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் தேறவில்லை. மறுநாள் காலை ஆன் செய்யும்போதுதான் நிதானமாகத் திரையைப் படித்தேன்: அடாப்டர் என்ன வகை என்று தெரியவில்லையாம். இந்த மாதிரிப் பெட்டிகளின் அடாப்டர் முனைக்குள் நட்டநடுவே ஒரு மெல்லிய பின் இருக்கும். 'நான் இத்தனை வாட்' என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். கடையில் ஓட்டிக் காட்டியது ஒரு அடாப்டர், பையில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. என் முனையில் அந்தப் பின் மடங்கிக் கிடந்தது. அடையாளம் தெரியாத அடாப்டரை நம்பாமல் பெட்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் போனில் முதலில் முனகினாலும் பஸ் பார்சலில் வேறு அனுப்பினார். மாட்டியதும் பறந்தது.

பழைய டிஸ்குகளை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் ஊர் ஈரம் அப்படி. பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, டிவிடி டிரைவில் படியெடுத்தேன். எமுலேட்டர் கேட்கும் பயாஸும் (பிளேஸ்டேஷனை எழுப்பும் உள் புரோகிராம்) எங்கள் பழைய பிஎஸ்2-விலிருந்தே எடுத்தது. (டிஸ்கில் ஒரிஜினல் இரண்டே இரண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்லவில்லை.) குதிக்கச் சொன்னால் ஒரு கணம் கழித்தே குதித்தது, டிவியில் கேம் மோடு போட்டதும் சரியானது. பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கினேன்.

தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி தம்பி வந்தான். சான் ஆண்ட்ரியாஸைப் பத்து நிமிஷம் ஓட்டினான். "சரிண்ணா, காண்ட்ரா போடு." மூன்றாவது ஸ்டேஜ் அருவி. ஒருத்தன் மேலே ஏறினால் திரையும் மேலே போகும், கீழே நிற்கிறவன் காலி. நான் ஏறினேன். "ஏறாத, ஏறாத, நில்லுண்ணா!" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், டிவி இருண்டு, யுபிஎஸ் மட்டும் இருட்டில் கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. டிவியை அதில் மாட்டத் தோன்றவே இல்லை எனக்கு.