ரியோ இலையும் டிபன் டப்பாவும்

1986இல் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது, தாவரவியல் பிராக்டிகலுக்கு ரியோ என்ற அழகுச்செடியின் இலை கொண்டுவருவது என் பொறுப்பாக இருந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அது மண்டிக் கிடந்தது. காலையில் பறிக்கச் சோம்பல்பட்டு, முதல் நாள் மாலையே நான்கு இலைகளைப் பறித்து டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ரியோ இலையின் அடிப்புறம் கத்திரிப்பூ நிறம். சாய்வாகக் கிழித்தால் வெங்காயச் சருகு போல மெல்லிய உரி வரும். ஒரு சொட்டு நீரில் அதைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதாச் செல்களின் நடுவே, இலை காற்று வாங்கும் துளைகளைத் திறந்து மூடும் காப்பு செல்கள் பச்சையாக, அவரைவிதை போல இரண்டிரண்டாகத் தெரியும். அன்று, இருட்டு டப்பாவில் கிடந்ததால், அத்தனை இலைத்துளைகளும் இறுக மூடிக் கிடக்க, நானோ பாடநூல் படத்தை நினைவில் வைத்து, அகலத் திறந்த துளையை ரெக்கார்டு நோட்டில் வரைந்திருந்தேன். தாவரவியல் சார் லென்ஸில் குனிந்து பார்த்தார், நோட்டையும் பார்த்தார். "இதை எங்கேப்பா பார்த்தே?" என்றார்.

திட்டவில்லை. மிச்சமிருந்த இலையின் அடியை நீரில் நிறுத்தி, வெயில் விழும் ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உரித்தபோது ஒவ்வொரு இணைக்கும் நடுவே கண் விழித்ததுபோல் ஓர் இடைவெளி இருந்தது. மெரினாவில் விற்கும் நீள பலூன் இரண்டை வாங்கி, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் டேப் ஒட்டி, டேப் பக்கங்கள் எதிரெதிரே இருக்க முனைகளைச் சேர்த்துக் கட்டி ஊதினால் நடுவில் இடைவெளி விழும் என்றும், காப்பு செல்லின் உட்சுவர் தடித்திருப்பதும் செல்லுலோஸ் இழைகள் செல்லைக் குறுக்கே சுற்றியிருப்பதும் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்றும் சார் விளக்கினார்.

காப்பு செல்லை பலூன் போல ஊதுவது எது என்பதில்தான் சிக்கல். வெளிச்சத்தில் ஸ்டார்ச் சர்க்கரையாகி நீரை இழுக்கிறது என்ற பழைய விளக்கத்தை நான் ஒப்பித்ததும், "வெங்காயத்தின் காப்பு செல்லில் ஸ்டார்ச்சே கிடையாது, அது எப்படித் திறக்கிறது?" என்று சார் மடக்கினார். பொட்டாசியம் அயனிகள் உள்ளே புகுவதால்தான் நீரும் புகுகிறது என்பதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

இன்று நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் பசுமைக்குடிலில் சிவப்பும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன. சிவப்பு ஒளி பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையின் வழியாக, இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துத் துளையைத் திறக்கவைக்கிறது. நீலத்தின் வழி நேரடியானது: செடியை வெளிச்சத்தின் பக்கம் வளையவைக்கும் அதே ஃபோட்டோட்ரோபின் புரதங்கள் அதை உணர்கின்றன, செல்சவ்விலுள்ள புரோட்டான் பம்பு முடுக்கப்படுகிறது, புரோட்டான்கள் வெளியேற, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. பம்பின் பங்கு 1999இலும் ஃபோட்டோட்ரோபினின் பங்கு 2001இலும் ஜப்பானிய ஆய்வாளர்களால் தெளிவாயின. வேடிக்கை என்னவென்றால், காப்பு செல்லின் ஸ்டார்ச்சை நீல ஒளி காலையில் சிதைக்கிறது, அதுவும் திறப்புக்கு உதவுகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. நான் ஒப்பித்தது முழுப் பொய்யும் இல்லை!

பார்த்த நேரத்தை இரண்டு படங்களின் கீழும் எழுதவைத்த பிறகே சார் கையெழுத்துப் போட்டார். வாசலில் இருந்த ரணகள்ளி இரவில்தான் துளைகளைத் திறக்கும் என்றும் சொன்னார். அதைப் பார்க்க ராத்திரி வரட்டுமா என்று கேட்டேன். லேபைப் பூட்டும் அண்ணனிடம் கேட்டுக்கொள் என்றார்.