மல்லிகாவுக்கு 45: பினாங்குப் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

வருகிற ஜனவரி 23 மல்லிகாவுக்கு 45 நிறைகிறது. போனில் அடுத்த வருடக் காலண்டரைத் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. 26 திங்கள், குடியரசு தினம். வியாழனும் வெள்ளியும் லீவு சொன்னால் முழுசாக ஐந்து நாள் கிடைக்கிறது.

கல்யாணமாகி 21 வருடம். இரண்டு பேரும் சேர்ந்து போன தூரம் என்றால் கொடைக்கானலும் திருப்பதியும்தான். இந்தத் தடவை வெளிநாடு கூட்டிப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஏலச்சீட்டு எடுத்ததில் பாப்பாவின் காலேஜ் ஃபீஸ் போக 80,000 ரூபாய் மிச்சம் இருக்கிறது. அதற்குள் முடிக்க வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வேலை முடிந்து வரும் வழியில் கண்டோன்மென்ட்டில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். மலேசியாவில் கோலாலம்பூர், கெந்திங் மலை என்று நாலு நாள், இரண்டு பேருக்கு 1,12,000 ரூபாய். அதற்கு மேல் 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வரி. வருமான வரிக் கணக்குப் போடும்போது அந்த 5 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் இன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம் அது. டிக்கெட்டையும் ரூமையும் நாமே தனித்தனியாகப் போட்டால் அந்தப் பிடித்தம் கிடையாது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திருச்சியில் இருப்பதில் ஒரு வசதி, கோலாலம்பூருக்கு நேர் விமானம் இங்கிருந்தே ஏறலாம். நாலு மணி நேரம். விசாவும் வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள், 2026 கடைசி வரை அது உண்டு. ஆனால் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைக் காட்டினால் மல்லிகா பார்த்துவிட்டு "நல்லாருக்குங்க" என்பாள், அவ்வளவுதான். அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர், அதே மலேசியாவில் தீவாக இருக்கும் பினாங்கு. அவள் தாத்தா அங்கே கப்பல் துறைமுகத்துப் பக்கம் கடையில் வேலை பார்த்தவர். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

ரகசியம் ஆறு நாள்தான் தாங்கியது. பீரோவில் அவள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 2008இல் எடுத்தது, 2018இலேயே காலாவதி. அண்ணன் சிங்கப்பூரில் இருந்தபோது போய் வரலாம் என்று எடுத்தோம். அந்த வருடம் மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போய், பயணம் நின்றுவிட்டது. 36 பக்கம், ஒரு முத்திரை விழவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதுப்பிக்க அவளே நேரில் வர வேண்டும். இனி மறைக்க வழியில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். தட்டில் கை அப்படியே நின்றது. "பினாங்குக்கா?" என்றாள். இன்னொரு தடவையும் அதையே கேட்டாள்.

செப்டம்பர் 27, சனி

நேற்று பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் வேலை முடிந்தது. கட்டணம் 1,500 ரூபாய். அவசரமில்லை என்பதால் தட்கால் போகவில்லை, அதில் 2,000 மிச்சம். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. திட்டம் போடுகிறவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

திருவாரூரில் மாமனார் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் மாமா எழுந்து போய் பரணில் இருந்து ஒரு எனாமல் கேரியரை இறக்கச் சொன்னார். நாலு அடுக்கு, வெள்ளையில் சிவப்புப் பூ, பச்சை இலை. விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடமெல்லாம் கறுத்து இரும்பு தெரிந்தது. பிடியில் மட்டும் பளபளப்புப் போகவில்லை. அவர் அப்பா கடைசியாக வந்தபோது கொண்டுவந்ததாம். கோடாலித் தைலம், கைலி, இந்தக் கேரியர்.

"ரஜூலா கப்பல்ல வந்தாரு மாப்ளே. நாகப்பட்டினத்துல போய் நின்னோம். எனக்கு எட்டு வயசு."

ரஜூலா 1926இல் ஓட ஆரம்பித்த கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட நம் ஜனங்களைச் சுமந்தது. அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1980களின் நடுவில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியே முடிந்துபோனது. தாத்தா ஐந்தாறு நாள் கடலில் போன தூரத்தை நாங்கள் ஒரு ராத்திரியில் தாண்டப் போகிறோம். மாமா கடைசியில் ஒன்று சொன்னார்: "பினாங்குக்குக் கப்பல்ல போய் இறங்கணும். அப்பத்தான் ஊர் தெரியும்."

அதைக் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

புது பாஸ்போர்ட் வந்து ஒரு வாரம் ஆகிறது. போலீஸ் விசாரணை சிரமமில்லாமல் முடிந்தது. இன்று டிக்கெட் போட்டேன். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டேன். திருச்சி–சென்னை போக வர, சென்னையில் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் லாபமில்லை. அதோடு நேரே விமானத்தில் போய் இறங்கினால் மாமா சொன்ன கப்பலும் கிடைக்காது. கோலாலம்பூர் வழி ரயிலில் போனால் கடைசியில் பெர்ரிப் படகு உண்டு. திருச்சி–கோலாலம்பூர், 21 ராத்திரி போய் 26 ராத்திரி திரும்ப, இரண்டு பேருக்கு 31,400. கைப்பை 7 கிலோ மட்டும்.

ஒரு இடத்தில் வேர்த்துவிட்டது. மல்லிகா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, நம்மில் பல பேருக்கு அப்படித்தான். டிக்கெட் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவே மாட்டேன் என்றது. அவசரத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் போகாது, கவுண்டரில் பிரச்சினை. விமான கம்பெனிக்குப் போன் செய்து கேட்டதில், ஒரே பெயர் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போடச் சொன்னார்கள். டிக்கெட்டில் 'மல்லிகா மல்லிகா' என்று வந்திருக்கிறது. அவள் அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ரூம். பினாங்கின் முக்கிய நகரமான ஜார்ஜ்டவுனில் லெபோ சூலியா என்ற தெருவில் பிடித்தேன். நம் பக்கத்து வணிகர்களைச் சூலியா என்று அழைத்ததில் வந்த பெயர். கீழே கடை, மேலே வீடு என்று இருந்த பழைய கடைவீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அந்த வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும். அதனால் மலிவான ரூம்களில் நிறைய ஜன்னலே இல்லாதவை. படத்தில் பளிச்சென்று இருக்கும், விவரத்தைப் படித்தால்தான் தெரியும். ஜன்னல் உள்ள ரூமுக்கு 25 ரிங்கிட் கூட. கொடுத்தேன். பிறந்தநாள் காலையில் அவள் கண் விழித்ததும் தெருவைப் பார்க்க வேண்டும். மூன்று ராத்திரிக்கு 390 ரிங்கிட். வெளிநாட்டுக்காரர்களுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதை அங்கே கட்ட வேண்டும். ரிங்கிட் இப்போது சுமார் 21 ரூபாய்.

பிப்ரவரி 1 தைப்பூசம். முந்தின நாள் வெள்ளியில் செய்த ரதம் கிளம்பும். அந்த வாரம் பினாங்கில் ரூம் கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும். பிறந்தநாள் ஒரு வாரம் முன்னால் வருவது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. மழைக்காலமும் ஓய்ந்திருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

ரயில் டிக்கெட்டும் ஆயிற்று. கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. பெர்ரியில் 2 ரிங்கிட்டுக்கு ஜார்ஜ்டவுன். அந்தப் பெர்ரி 1894 முதல் ஓடுகிறது. தாத்தாவும் இதே நீரைக் கடந்திருப்பார். திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை ரயில் நிரம்பிக்கொண்டிருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட். பஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பஸ்.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இன்று இரண்டு பேரும் உட்கார்ந்து நாள் வாரியாகப் பேசினோம். பிறந்தநாள் வெள்ளிக்கிழமை, அவள் கவிச்சி தொட மாட்டாள். ஆக நாசி கண்டார் சனிக்கிழமைக்குப் போனது. அது நம் தமிழ் முஸ்லிம்கள் அங்கே உண்டாக்கிய சாப்பாடு. காவடி மாதிரி தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். அந்தத் தண்டுக்குப் பெயர்தான் கண்டார்.

வெள்ளி காலை குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில். 1833இல் எழுந்தது. அவள் பெயருக்கு அர்ச்சனை. அங்கிருந்து நடந்தே 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் சர்ச் எல்லாம் பார்த்துவிடலாம். எல்லாம் கூப்பிடு தூரம். ஊருக்குள் இலவச பஸ்ஸும் ஓடுகிறது. பினாங்கு மலை ரயிலுக்கு மட்டும் காசு, 1923இல் போட்ட பாதை, அதை விட மனசில்லை. மாமா 'கடைத்தெரு' என்று சொல்லும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா நடக்க வேண்டும் என்றாள். அதற்கு நேரம் போட்டு வைத்திருக்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு ராத்திரி. இரட்டைக் கோபுரத்தைக் கீழே பூங்காவிலிருந்தே பார்த்துக்கொள்வோம்.

கணக்கு: விமானம் 31,400, பாஸ்போர்ட் 1,500, ரூம் எல்லாம் சேர்த்து 12,200, ரயில் 5,900. சாப்பாடு, பஸ், மலை ரயில், கைச்செலவுக்கு 900 ரிங்கிட், 18,900 ரூபாய். மொத்தம் 69,900. ஒரு பத்தாயிரம் அவசரத்துக்குக் கையில். ரிங்கிட்டைத் திருச்சியிலேயே நாலு கடை கேட்டு மாற்றினேன், விமான நிலையத்தில் மாற்றுவதைவிட இது நல்ல விலை.

ஜனவரி 19, திங்கள்

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினேன். போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். பணம் எதுவும் இல்லை. காசு கேட்கிற போலி இணையதளங்களும் இருக்கின்றன, அரசாங்கத்தின் தளம்தானா என்று பார்த்து நிரப்புங்கள்.

மல்லிகா பையைத் தராசில் வைத்து எடுத்து வைத்து எடுத்து, ஒரு பட்டுப்புடவையைத் திரும்ப பீரோவில் வைத்தாள். அந்த இடத்தில் எனாமல் கேரியரின் மேல் அடுக்கை வைத்தாள். மூடியோடு. "சனிக்கிழமை இதுலதான் சோறு வாங்கணும்" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

திருச்சியில் குடிநுழைவு அதிகாரி முத்திரை குத்திய பக்கத்தை அவள் விமானத்தில் மூன்று தடவை திறந்து பார்த்தாள். விடியற்காலை இறங்கி, பஸ், ரயில், எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெர்ரி.

கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். எதிரே ஊர், ஊருக்குப் பின்னால் மலை, மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "நாகப்பட்டினம் எந்தப் பக்கங்க?" என்றாள். அந்த மலைக்குப் பின்னால் கையை நீட்டினேன்.

போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அங்கே மூன்றே முக்கால், தூங்கி எழுந்திருப்பார்.

"அப்பா, பினாங்கு தெரியுதுப்பா."

காற்றில் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"ஆமாப்பா" என்றாள். "கப்பல்லதான் வரோம்."