விற்கிறீர்களா என்று கேட்பவர்கள்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் செலவைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். துரு, கார்பரேட்டர், கிடைக்காத உதிரிபாகம், எரிபொருளைக் குடிக்கும் என்ஜின் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வண்டியை விலைக்குக் கேட்டு வருபவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னுடைய 1968ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ.வின் கிளட்சைப் பழகியதைவிட, அந்த மனிதர்களுக்குப் பதில் சொல்லப் பழகத்தான் எனக்கு அதிக நாளானது.

டெட்ராய்ட் புறநகரில் இருக்கிறேன். உட்வர்ட் அவென்யூ எங்கள் வீட்டுக்குப் பக்கம். அறுபதுகளில் இரவு நேரங்களில் இளைஞர்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விட்ட சாலை அது. வடக்கே அது போய்ச் சேரும் ஊரின் பெயரே போன்டியாக். என் வண்டியின் அடையாள எண்ணில் ஆலையைக் குறிக்கும் இடத்தில் ‘பி’ இருக்கிறது. அதாவது அந்த ஊரிலேயே செய்த வண்டி. பிறந்த ஊருக்குள்ளேயே சுற்றுவதால் அதை அடையாளம் காண்பவர்களும் அதிகம். இதே காரை வேறு மாநிலத்தில் ஓட்டியிருந்தால் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே நிறுத்திப் பேசுகிறார்கள்.

என் வண்டி மசில் கார் வகை, அதாவது நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய என்ஜின். அந்த வகையை அறியாதவர்களுக்கு ஒரு சிறு முன்கதை. நடுத்தர அளவுக் கார்களில் இவ்வளவுக்கு மேல் பெரிய என்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த விதியைச் சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். 1964 மாடலில், பெரிய காருக்கான 6.4 லிட்டர் என்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் வண்டிக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் விருப்பத் தொகுப்பாக விற்றார்கள். அதுதான் ஜி.டி.ஓ. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த என் மாடலில் 6.6 லிட்டர், 350 குதிரைத்திறன். முன்பக்க பம்பர் குரோம் இல்லாமல் வண்டியின் நிறத்திலேயே இருக்கும், ரப்பர் போன்ற பொருள். இடித்தாலும் நசுங்காது என்று அடித்துக் காட்டி விளம்பரம் செய்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 87,684 வண்டிகள் செய்தார்கள். எனவே என்னுடையது அபூர்வமான வண்டி அல்ல. விலை கேட்பவர்களில் பலர் இதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

மிச்சிகனில் பழைய வண்டிகளுக்கான வரலாற்றுப் பதிவெண் எடுத்தால் கட்டணம் குறைவு. ஆனால் கண்காட்சி, ஊர்வலம், சங்கக் கூட்டம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமைதான் உட்வர்ட் டிரீம் குரூஸ். 1995இல் தொடங்கிய இந்த ஊர்வலத்துக்கு நாடெங்கிலுமிருந்து பழைய கார்கள் வருகின்றன. அவற்றோடு, பணத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களும் வருகிறார்கள். ஆகஸ்ட் முழுக்க எனக்கு இதே வேலைதான்.

முதல் ஆண்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். பெட்ரோல் போடும் இடத்தில் அரைமணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் “சும்மாதான் கேட்டேன்” என்று கிளம்புவார்கள். போகப்போக, முதல் கேள்வியிலேயே ஆள் யாரென்று தெரியத் தொடங்கியது. “எவ்வளவு?” என்று ஆரம்பிப்பவர் பெரும்பாலும் வியாபாரி. “எங்கே வாங்கினீர்கள்?” என்பவர் முன்பு இதே காரை வைத்திருந்து விற்றவர், அவருக்கு வண்டி வேண்டாம், பேச ஆள்தான் வேண்டும். பானட்டைத் திறக்கச் சொல்லி என்ஜினின் வலப்பக்க முன்புறம் குனிபவர் விஷயம் தெரிந்தவர். அது எந்த என்ஜின் என்று சொல்லும் இரண்டெழுத்துக் குறியீட்டை அங்கேதான் பொறித்திருப்பார்கள்.

வியாபாரிகளின் நடை எனக்கு இப்போது மனப்பாடம். முதலில் வண்டியைச் சுற்றி வருவார்கள். பிறகு பின்பக்கக் கண்ணாடியின் கீழ் விளிம்பை விரலால் தடவுவார்கள். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும் இடம் அது. அங்கிருந்து ஒழுகி டிக்கியின் தரையையும் தின்றுவிடும். ஒருவர் சாவிக்கொத்தில் காந்தமே மாட்டிக்கொண்டு வந்தார், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்பதற்காக. அதுவரை எனக்கு மரியாதைதான். அதன்பிறகு பெருமூச்சு விட்டு, இந்தக் கார்களை விரும்பிய தலைமுறை வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறது, இனி விலை இறங்கத்தான் செய்யும், என்னால் இதுதான் முடியும் என்று ஓர் அடிமாட்டு விலை சொல்வார்கள். இறங்கப்போகும் பொருளை இவர் ஏன் இவ்வளவு அவசரமாக வாங்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

வைப்பரில் செருகிய துண்டுச்சீட்டுகள் தனி வகை. பெயர், தொலைபேசி எண், “எப்போதாவது விற்க நினைத்தால்”. இவற்றை நான் எறிவதில்லை. இணையம் வழியாக வருபவற்றைத்தான் திறந்த கையோடு அழித்துவிடுகிறேன். வண்டியைப் பார்க்காமலேயே முழு விலை தருவதாகச் சொல்வார்கள். விலைக்கு மேலேயே ஒரு காசோலை அனுப்பி, மிச்சத்தை வண்டி எடுக்க வரும் டிரெய்லர்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்வார்கள். காசோலை போலி என்று வங்கி கண்டுபிடிப்பதற்குள் உங்கள் பணம் போயிருக்கும். பார்க்காமல் வாங்குகிற ஆளிடம் எனக்குப் பேச்சில்லை.

இவர்களுக்கு நடுவே ஒருவர் சொன்ன தொகை என்னை யோசிக்க வைத்தது. ஓஹியோவிலிருந்து வந்தவர், பானட்டுக்குள் குனிந்து குறியீட்டைப் படித்தவர். அவர் சொன்னது என் காப்பீட்டுத் தொகையைவிட அதிகம். அன்றிரவு விற்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. நாளைக்கே யாராவது சிக்னலில் பின்னால் வந்து இடித்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காப்பீட்டில் இருந்தது வாங்கியபோது எழுதிய தொகை. இடையில் சந்தை நகர்ந்துவிட்டிருந்தது.

அடுத்த சில மாதங்கள் காகித வேலையில் போயின. போன்டியாக் பிராண்டை 2010இல் மூடிவிட்டார்கள், ஆனால் அதன் பழைய விற்பனைப் பட்டியல்கள் அழியவில்லை. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்புக்கு வண்டியின் அடையாள எண்ணும் கட்டணமும் அனுப்பினால், அந்த வண்டி ஆலையைவிட்டு வெளியேறியபோது போட்ட பட்டியலின் நகலைத் தருவார்கள். அதில் என்ன நிறம், எந்த என்ஜின், எந்த கியர், எந்தெந்தக் கூடுதல் வசதி என்று எல்லாம் இருக்கும். 1968 மாடலில் எண் 242 என்று தொடங்கினாலே அது உண்மையான ஜி.டி.ஓ. என்று தெரிந்துவிடும், 237 என்றிருந்தால் லெமான்ஸ் வண்டிக்கு ஜி.டி.ஓ. வேடம் போட்டிருக்கிறார்கள். என் வண்டியின் எண் சரியாக இருந்தது. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு உரிய ‘டபிள்யூ டி’ குறியீடு என்ஜினிலும் இருந்தது. வண்டி எண்ணின் ஒரு பகுதியை என்ஜினிலும் பொறித்திருப்பார்கள். தூசும் எண்ணெயும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் அதுவும் பொருந்தியது. நிறம் மட்டும் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. பச்சையாகப் பிறந்ததை இடையில் யாரோ சிவப்பாக்கியிருக்கிறார்கள்.

அந்தக் காகிதங்களோடு ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தேன். சாதாரணக் கார் காப்பீட்டில், விபத்துக்குப் பிறகு அன்றைய தேய்மான விலையைக் கணக்கிட்டுத் தருவார்கள். அரை நூற்றாண்டு ஓடிய வண்டிக்கு அந்தக் கணக்கில் என்ன மிஞ்சும்? பழைய கார்களுக்கென்று ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’க் காப்பீடு இருக்கிறது. முன்கூட்டியே இரு தரப்பும் ஒரு தொகைக்குக் கையெழுத்திடுகிறோம். வண்டி முழுதாகப் போனால் அந்தத் தொகை. இதிலும் பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் ஒரு பொறி உண்டு: ‘குறிப்பிட்ட மதிப்பு’ என்று எழுதியிருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே, அதற்குக் குறைவாகவும் தரலாம். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியின் விலை என் மனத்தில் தெளிவாக இருக்கிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை. பழைய செவ்ரலே செவெல் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தொல்லை தாங்காமல் விளையாட்டாக ஒரு பெரிய தொகையைச் சொன்னார். கேட்டவர் மறுவாரம் டிரெய்லரோடு வாசலில் நின்றார். நண்பர் விற்கவில்லை, ஆனால் வாக்கு மாறியவர் என்ற பெயர் அந்த வட்டாரத்தில் ஒட்டிக்கொண்டது. எனவே என் பதில் இப்போது இரண்டு வாக்கியம்: “விற்பனைக்கு இல்லை. உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.” “எந்தப் பொருளுக்கும் ஒரு விலை உண்டு” என்று மடக்குபவர்களுக்கும் அதே இரண்டு வாக்கியம்தான்.

எனக்குப் பிடித்த ஆள் விலையே கேட்காதவர். போன்டியாக் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். என்ஜினின் நீல வண்ணம் ஒரு சாயல் தவறு என்றார், ஒரு ஹோஸ் கிளிப் 1968 மாடலுக்கு உரியது இல்லை என்றார், போய்விட்டார். அடுத்த ஆண்டும் வந்து கிளிப்பை மாற்றினேனா என்று பார்த்தார். மாற்றியிருந்தேன்.

துண்டுச்சீட்டுகள், பட்டியல் நகல், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று மனைவிக்காக அதில் ஒரு தாளும் வைத்தேன்: முதல் வாரத்தில் வருபவருக்கு விற்க வேண்டாம்; காசோலையை வங்கியிலேயே சரிபார்த்த பிறகுதான் சாவி; உரிமைப் பத்திரத்தை மாற்ற வாங்குபவரோடு மாநிலச் செயலர் அலுவலகத்துக்கே நேரில் போ; முதலில் ஓஹியோக்காரரைக் கூப்பிடு.

படித்துவிட்டு, “விலையை எழுதவில்லையே, நான் எப்படிக் கேட்பது?” என்றாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவளே ஒரு தொகையைப் பென்சிலால் எழுதினாள்.

“அது ரொம்பக் குறைவு” என்றேன்.

“அப்படியென்றால் எவ்வளவு?” என்று கேட்டாள்.